இரண்டு தடவை பார்த்த வீடியோ

“உங்க குரல்ல உயிரே இல்லை, டீச்சர். முதல் பெஞ்சுல இருக்கறவனே காதைத் தீட்டிக்கிட்டுத்தான் கேக்கணும்.”

தலைமையாசிரியர் அறிக்கையைப் படிக்கப் படிக்க, ஆசிரியர் அறையில் எல்லோருடைய டீயும் ஆறியது.

கணக்கு டீச்சர் வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். நிரந்தரமா, வீட்டுக்கா என்பதை இந்த அறிக்கைதான் முடிவு செய்யும்.

வகுப்பை வீடியோ எடுப்பது. ஆசிரியர் அதைப் பார்த்துத் தன்னைத் தானே திருத்திக்கொள்வது. இதுதான் புதுத் திட்டம். எடுத்த வீடியோ முதலில் தலைமையாசிரியர் மேசைக்குப் போகும். அப்புறம் எங்கேயும் போகாது.

“பாதி நேரம் பிள்ளைங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு போர்டோட பேசறீங்க. கடைசி பெஞ்சுல ஒருத்தன் தூங்கறான், கண்டுக்கவே இல்லை.”

“என் வகுப்புல யாரும் தூங்க மாட்டாங்க, சார்.”

“நான் ரெண்டு தடவை போட்டுப் பார்த்தேம்மா!”

“ரெண்டு தடவையா!” என்று அறிவியல் சார் உருகினார். “உங்களுக்கு இருக்கற வேலையில!”

“நான் இன்னும் ஒரு தடவைகூடப் பார்க்கலை. பார்க்கலாமா, சார்?” என்று கேட்டார் கணக்கு டீச்சர்.

“தாராளமா. எல்லாருமே பார்க்கட்டும். மனுஷன் பொய் சொல்லுவான், வீடியோ சொல்லாது. அண்ணே, போடுங்க!”

வீடியோ எடுக்கும் லேப் உதவியாளர் தலையைச் சொறிந்தார். “சார், அதுல வந்து...”

“போடுங்கன்னா போடுங்க!”

திரையில் கரும்பலகை. அதன் முன்னால் ஓர் அகலமான முதுகு. அது போர்டோடு ஏதோ முணுமுணுத்தது. கடைசி பெஞ்சில் ஒரு பையன் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

முதுகு திரும்பியது. தலைமையாசிரியர்!

“இது நீங்க எல்லாருக்கும் நடத்திக் காட்டின மாதிரி வகுப்பு, சார்” என்றார் உதவியாளர். “இதை எடுத்ததோட கேமரா பாட்டரி தீர்ந்துபோச்சு. டீச்சர் வகுப்பை எடுக்கவே இல்லை. அதைச் சொல்லத்தான் மூணு நாளா உங்க ரூம் வாசல்ல நின்னேன். வேலையா இருக்கேன்னு அனுப்பிட்டீங்க.”

தமிழ் டீச்சர் மெல்லத் தன் பையைத் திறந்து, போன மாதம் தனக்கு வந்த அறிக்கையை எடுத்தார். அதுவும் ‘குரலில் உயிர் இல்லை’ என்றுதான் ஆரம்பித்தது; கடைசி பெஞ்சில் தூங்குபவன் அதிலும் இருந்தான்.

தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்தார். “எப்படி நடத்தக் கூடாதுன்னு உங்களுக்குக் காட்டத்தான் அப்படி நடத்தினேன்.”

முதலில் அறிவியல் சார் கைதட்டினார். பின்னாலேயே எல்லோரும்.

கணக்கு டீச்சர் தட்டவில்லை. “அப்போ என் அறிக்கை, சார்?”

தலைமையாசிரியர் காகிதத்தை இழுத்து, எழுதியதையெல்லாம் அடித்துவிட்டு, கீழே புதிதாக எழுதினார்:

‘குறைகளை உடனே திருத்திக்கொண்டார். நல்ல முன்னேற்றம். நிரந்தரமாக்கலாம்.’

டீச்சர் கையெழுத்துப் போட்டார்.

அவர் எப்படிப் பாடம் நடத்துவார் என்பது இன்றுவரை அவருடைய பிள்ளைகளுக்கு மட்டும்தான் தெரியும்.