குறட்டை விட்ட சார்ஜென்ட்

“எட்டு மணி நேரம், பத்து நிமிஷம். நடுவுல ஒரு தடவைகூட முழிக்கலை. குறட்டை வேற!”

ராணுவ டாக்டர் மேஜர் ஷாகிர் அறிக்கையை மேசைமேல் விட்டெறிந்தார். எதிரே சார்ஜென்ட் ராஃபித் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். மோசூல் சண்டையிலிருந்து திரும்பிய இரண்டு வருடமாகத் தூக்கமே இல்லை என்று மனுக் கொடுத்தவர் அவர்தான்.

“முகாமுக்குத் திரும்பிப் போகாம இருக்க ஆயிரம் பொய் சொல்வாங்க, கேட்டிருக்கேன். தூக்கம் வரலைன்னு சொல்லிட்டு, சோதனைக்கு வந்த இடத்துல அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கினவர் நீங்க ஒருத்தர்தான்.”

“பொய் இல்லைங்க டாக்டர்!” மனைவி நிதால் குறுக்கிட்டாள். “தெருவுல டயர் வெடிச்சாலே மேசைக்கு அடியில போயிடறார். ராத்திரியானா உட்கார்றதும் நடக்கறதும்தான். மாத்திரை, ஓதின தண்ணி, எதுவும் கேட்கலை.”

“மெஷின் பொய் சொல்லுமாம்மா? சரி, அதை விடுங்க. இவர் தலையில வயரை ஒட்டினதுலேர்ந்து விடியற வரைக்கும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்த்துட்டே இருந்தாரே ஸத்தார், அவருமா பொய் சொல்றாரு?”

கதவோரம் நின்றிருந்த டெக்னீஷியன் ஸத்தார் சிவந்த கண்களைக் கசக்கியபடி தலையாட்டினார்.

நிதாலின் ஆத்திரம் கணவன் பக்கம் திரும்பியது. “வாயைத் திறந்து சொல்லுங்களேன், ரனீன் அப்பா! ரெண்டு வருஷமா நானும் பொண்ணும் உங்களால தூக்கம் கெட்டுக் கிடக்கோம். இங்க வந்து குறட்டையா? நம்ம வீட்டு மெத்தையில என்ன, முள்ளா முளைச்சிருக்கு?”

ராஃபித் கைகளைத் தொடைக்கு அடியில் திணித்துக்கொண்டார்.

டாக்டர் பேனாவைத் திறந்து, ‘பணிக்குத் தகுதியானவர்’ என்று எழுதினார். கையெழுத்துதான் பாக்கி. “சனிக்கிழமை முகாம்ல இருக்கணும்.”

“நான் நடிக்கலை ஐயா,” என்றார் ராஃபித். “நேத்து நிஜமாவே தூங்கிட்டேன்.”

“அதைத்தானே நானும் கேட்கறேன்! வீட்டுல வராத தூக்கம் இங்க மட்டும் எப்படி வந்துச்சு?”

ராஃபித் நிமிர்ந்து, ஸத்தாரை நன்றியோடு பார்த்தார்.

“நேத்து காவலுக்கு இவர் இருந்தாரே, ஐயா.”