பன்னிரண்டு துளைகள்

"துளையை வட்டமா போட்டா போதும் மச்சான். யாரு வந்து பார்க்கப் போறா?"

"சதுரம்தான் மாமா." மைத்துனன் உளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வட்டத்துல முளை சுத்தும். இழைக்கும்போது பலகை நழுவும்."

"சுத்தட்டுமே. பலகை கொஞ்சம் சாய்வா இருந்தா முளை தானா திரும்பி அதோட ஓரத்துக்கு முகம் கொடுக்கும். சதுரத்துக்கு அந்தப் புத்தி உண்டா?"

"இருக்கட்டும் மாமா."

இருவரும் சேர்ந்து நடத்தும் தச்சுக்கூடம் அது. அவர் இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கூரை ஒழுகி, அவருடைய மேசையின் மேற்பலகை உளுத்துப்போயிருந்தது. புதுப் பலகை வந்து கால்களில் ஏறிவிட்டது. பாக்கி இருந்தது துளைகள் மட்டும்தான். ஓரமாக வரிசையாகப் பன்னிரண்டு. அவற்றில் முளைகளைச் செருகி, நடுவில் பலகையை இறுக்கினால்தான் இழைக்க முடியும். இல்லாவிட்டால் இழைப்புளியோடு பலகையும் ஓடும்.

ட்ரில்லில் போட்டால் அரை மணி நேரம். மைத்துனன் உளியால் சதுரமாகக் கொத்திக்கொண்டிருந்தான். இது மூன்றாவது வாரம். ஐந்து முடிந்திருந்தது. ஆறாவதையும் முடித்துவிட்டு, மயிரிழை கோணல் என்று கட்டை அடித்து அடைத்து, மறுபடி ஆரம்பித்திருந்தான்.

"ட்ரில் எங்கே?"

"ரிப்பேருக்குப் போயிருக்கு."

"போன வாரமும் ரிப்பேர்லதானே இருந்துச்சு?"

"பெரிய ரிப்பேர் மாமா."

அவர் சிரிக்கப் பார்த்தார். இருமல் வந்தது. நுரையீரல் பாதி வேலை செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அப்படியும் தினமும் ஒன்பது மணிக்கு முகச்சவரம் செய்துகொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். பக்கத்தில் சுவரோரம் இரண்டு பலகைகள், அவரே பென்சிலால் கோடு போட்டவை. வீட்டு சமையலறை அலமாரிக்குக் கதவு. பதினோரு வருடமாக அந்த அலமாரிக்குக் கதவில்லை.

"ஊருக்கெல்லாம் கதவு போடுற ஆளு," என்பாள் மனைவி. "நம்ம வீட்டுல கரப்பான் கேட்டுக்கிட்டா உள்ளே வருது?"

மதியம் அவள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்தாள். மேசையைப் பார்த்தாள். உதடு அசையாமல் எண்ணினாள். தட்டைக் கழுவப் பின்பக்கம் போனாள்.

சற்று நேரத்தில் பின்பக்கத்திலிருந்து ட்ரில் ஓடும் சத்தம் கேட்டது.

மைத்துனன் உளியைப் போட்டுவிட்டு ஓடினான். மரம் அடுக்கிய இருட்டு அறையில் அக்கா நின்றிருந்தாள். காலடியில் ஒரு சாக்கு.

"ரிப்பேர்னியே?"

அவன் சுவிட்சை அணைத்தான்.

"அவர் திரும்பி வர்றது உனக்குப் பிடிக்கல. ரெண்டு மாசம் தனியா ராஜாவா இருந்து ருசி கண்டுட்டே. வேண்டாம்னா வாயைத் திறந்து சொல்லு. நோயாளியை ஸ்டூல்ல உட்கார வச்சு இழுத்தடிக்காதே."

"மெதுவா பேசுக்கா."

"நான் ஏன்டா மெதுவா பேசணும்? திருடி ஒளிச்சு வச்சது நீ."

அவன் கதவைச் சாத்தினான்.

"வீட்டுக்கு அனுப்பின அன்னைக்கு டாக்டர் என்னைத் தனியா கூப்பிட்டார்."

"சரியாயிடும்னுதானே சொன்னார்?"

"அப்படி உங்கிட்ட சொன்னது நான்."

அவள் அடுக்கியிருந்த பலகைகளின் மேல் உட்கார்ந்தாள்.

"மேசை முடிஞ்சா அவர் இழைப்புளியைத் தூக்குவார்," என்றான். "நாலு இழுப்புக்கு மேல முடியாது. அன்னைக்கே அவருக்குத் தெரிஞ்சுபோயிடும். ஒரு ஓட்டை பாக்கி இருக்கிற வரைக்கும் காலையில எழுந்து சவரம் பண்ணிட்டு வருவார். எனக்கு வேற வழி தெரியலக்கா."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"எத்தனை பாக்கி?"

"ஏழு."

"இன்னும் மெதுவா செய்டா," என்றாள்.

ட்ரில்லைச் சாக்கில் போட்டு, வாயைக் கட்டியது அவள்தான்.

இருவரும் முகத்தைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் வந்தார்கள். அவர் ஸ்டூலில் இல்லை. மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அலமாரிப் பலகைகளில் ஒன்று மேசைமேல் கிடந்தது. எப்படித் தூக்கினார் என்று தெரியவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"என்ன மாமா இது? உட்காருங்க." மைத்துனன் பலகையை நகர்த்திவிட்டு உளியை எடுத்தான். "ஆறாவது இன்னைக்கு முடிஞ்சிடும்."

"உளியை வை மச்சான்."

அவன் வைத்தான்.

"உன்னைக் கூப்பிடுறதுக்கு முந்தின நாளே டாக்டர் எங்கிட்ட சொல்லிட்டார். உங்க ரெண்டு பேருக்கும் தெரிய வேண்டாம்னு நினைச்சேன்."

மூச்சு வாங்கிக்கொண்டார்.

"ஒரு மாசம்னார். அதுல பாதிக்கு மேல நீ கொத்தியே தீர்த்துட்டே."