வெளிவட்டம்

ஒன்பதாம் வகுப்பு ‘அ’ பிரிவில் இசக்கி புதிதாகச் சேர்ந்து ஒரு மாதமாகியும் அவளிடம் யாரும் வலியப் பேசியதில்லை. அன்று ஜெபராணி டீச்சர் இரண்டு பிரிவுப் பிள்ளைகளையும் மைதானத்துக்குக் கூட்டிப்போய், சுண்ணாம்புப் பொடியால் வட்டத்துக்குள் வட்டமாகப் போட்டு, ‘அ’ பிரிவைச் சோடியம் அணுவாகவும் ‘ஆ’ பிரிவைக் குளோரின் அணுவாகவும் நிறுத்தினார். சோடியத்தின் முதல் வட்டத்தில் எலக்ட்ரான்களாக இருவர், அடுத்ததில் எட்டுப் பேர், வெளிவட்டத்தில் இசக்கி மட்டும். மற்றவர்கள் நடுவில் அணுக்கருவாக நெருக்கியடித்து நின்றார்கள். இங்கேயும் தனியாகத்தானா என்று அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“வெளிவட்டத்துல எட்டுப் பேர் இருந்தாத்தான் நிறைவு. குளோரினுக்கு ஒண்ணு குறையுது, அதை சோடியம் குடுக்கும்” என்றார் டீச்சர்.

சொல்லி வாய் மூடவில்லை, ‘ஆ’ பிரிவின் வெளிவட்டத்தில் நின்ற ஏழு பேரும், “ஏ இசக்கி, இங்க வா பிள்ள” என்று கைகளை நீட்டினார்கள். அவர்களுக்கு அவள் பெயர் தெரிந்திருந்தது. பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள்.

மணி அடித்தது. “அவங்கவங்க கிளாசுக்குப் போங்க.”

இசக்கியின் கைகளைப் பிடித்திருந்தவர்கள் விடவில்லை. “குடுத்தது குடுத்ததுதான் டீச்சர்.”

அதற்குள் ‘அ’ பிரிவே கோடுகளையெல்லாம் மிதித்து அழித்துக்கொண்டு ஓடிவந்துவிட்டது. இதுவரை அவள் முகத்தைப் பார்த்தே பேசாத ஒருத்தி அவள் தோளைப் பற்றினாள். “இவ எங்க பிள்ள டீச்சர்.”

“நீயே சொல்லு இசக்கி, எங்க போற?” என்றார் டீச்சர்.

பதில் சொல்ல இசக்கிக்கு அவசரமே இல்லை.