பரீட்சை நேரத்துத் தூக்கம்

பரீட்சை நடத்துகிற டீச்சரே தூங்கினால் யாரிடம் போய்ச் சொல்வது?

கறாருக்கு வயிறு எரிந்தது. அவளும் தூங்குமூஞ்சியும் பயிற்சி ஆசிரியைகள். பட்டப்பெயர்கள் உடன் படிப்பவர்கள் வைத்தவை. பொருத்தம் பார்த்துத்தான் வைத்திருந்தார்கள்.

இருமொழி வகுப்பில் அன்று அறிவியல் வாய்மொழித் தேர்வு. கடல் தண்ணீர் மழையாவது எப்படி? பாடத்துக்கு ஏழு மார்க், ஆங்கிலத்துக்கு மூன்று. மொத்தத்தில் ஐந்து வாங்காத பிள்ளைக்கு அடுத்த வருடம் இந்த வகுப்பில் இடமில்லை.

மதிய நேரம். மின்விசிறி தாலாட்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வெளிச்சம் தரையில் மெல்ல ஊர்ந்தது. எல்லாமே பாதிக் கனவு மாதிரி இருந்தது.

எதிரே ஒரு வாயில்லாப் பூச்சி நின்றாள். ஐந்து நிமிடமாகக் கேட்டும் ஆங்கிலத்தில் ஒரு சொல் வரவில்லை.

"வீட்ல பேசற மாதிரியே சொல்லும்மா," என்றாள் தூங்குமூஞ்சி.

சிறுமி கறாரின் சிவப்புப் பேனாவையே பார்த்தாள்.

"போதும், சுழி போடு," என்றாள் கறார்.

"இவளுக்குப் பாடம் தெரியும்டி."

"இங்கிலீஷ்ல சொல்லாத பாடத்துக்கு எதுக்கு மார்க்?"

"ரெண்டுக்கும் தனித்தனியாத்தானே மார்க் இருக்கு?" தூங்குமூஞ்சி கொட்டாவி விட்டாள். "நீ போய் பெஞ்ச்ல உட்காரும்மா. அப்புறம் கூப்பிடறேன்."

சொல்லிவிட்டு மேஜையில் தலை சாய்த்தவள்தான். அடுத்த நிமிடம் குறட்டை!

"தலைமை ஆசிரியைகிட்ட சொல்லாம விடமாட்டேன்," என்று கறார் எழுந்து விறுவிறுவென்று வெளியேறினாள். பாதி வராந்தாவில்தான் மார்க் தாளை மறந்தது நினைவு வந்தது. திரும்பினாள்.

வாசலில் கால் நின்றுவிட்டது.

"எனக்கு ஒண்ணுமே தெரியாதுடி," என்று பெஞ்சில் ஒரு சிநேகிதி விசும்பிக்கொண்டிருந்தாள். அடுத்த முறை அவளுடையது.

"அழாத. மிஸ் தூங்கறாங்க, நான் சொல்லித் தர்றேன். வெயில் பட்டா கடல் தண்ணி ஆவியாகும். கண்ணுக்கே தெரியாது. அப்படியே மேல போகும். அங்க குளிருமா..."

வாயில்லாப் பூச்சிதான்! மடை திறந்த மாதிரி பேசிக்கொண்டிருந்தாள். கைகள் காற்றில் மேலே மேலே மிதந்தன.

கறார் பூனை நடை நடந்து மேஜைக்கு வந்தாள். குறட்டை நிற்கவில்லை. ஆனால் தூங்குமூஞ்சியின் விரலிடுக்கில் பென்சில் அசைந்துகொண்டிருந்தது. மார்க் தாளில், பாடத்துக்கான கட்டத்தில் மார்க்குக்கு ஒன்றாக ஐந்து கோடுகள். ஆங்கிலக் கட்டத்தில் ஒளிவுமறைவில்லாமல் ஒரு சுழி.

கறாருக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

"ஏய்..." என்று குனிந்தாள்.

"உஷ்!" தூங்குமூஞ்சி கண்ணைத் திறக்கவில்லை. "மேகம் வரைக்கும் வந்துட்டா. மழை பெஞ்சதும் எழுந்துக்கறேன்."