கழுகு ஐயாவுக்கு மாற்றல்

தூத்துக்குடி மீன் சந்தையில் கடை வைத்திருக்கும் ரெஜினாளுக்கு அன்று ஆய்வு நாள். ஆய்வுக்கு வரும் கடல் கழுகு ஒரு மீனைக் கொத்தாமல் ஒதுக்கினால், அது பழைய மீன். கடையை ஒரு மாதம் மூடிவிடுவார்கள். அவள் கூடையிலிருந்த சீலா மீனோ முந்தாநாள் பிடித்தது.

ஆனால் ரெஜினாள் சும்மா இருக்கவில்லை. பத்து நாளாக விடியற்காலையில் கழுகுக் கூண்டுக்குப் போய், துள்ளத் துள்ள மத்தியை ஊட்டிவிட்டுப் பழக்கம் பிடித்திருந்தாள்.

அதிகாரி ஞானப்பிரகாசம் கழுகோடு அவள் கடைக்கு வந்தார். கழுகு சீலாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரெஜினாளைப் பார்த்துக் குஞ்சு போல வாயைப் பிளந்தது.

"என்னம்மா இது?"

"கொட்டாவி விடுது சார்."

பக்கத்துக் கடை அந்தோணியம்மாள் சிரித்தாள். கழுகு அவள் பக்கம் திரும்பி அதேபோல் வாயைப் பிளந்தது. சிரிப்பு நின்றது. இருபத்துமூன்று கடைகளிலும் இதே கதைதான். கூண்டுக்குத் திரும்பட்டும் என்று அதிகாரி அதைப் பறக்கவிட்டார். தின்ற கனத்தில் அது தொப்பென்று நண்டுக் கூடையில் விழுந்தது.

"அத்தனை கடையையும் மூடினா ஊரே கருவாடுதான் திங்கணும். தப்பிச்சீங்க" என்றார் அதிகாரி. "ஆனா நாளைக்கு ஆப்பிரிக்கக் கழுகு வருது. அதுக்கு இங்க ஒருத்தரையும் தெரியாது."

ரெஜினாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பணிவாகக் கேட்டாள்.

"அது கடல் மீன் திங்குமா சார், ஆத்து மீனா?"