கேட்கத் தெரிந்தவள்

"ரிப்போர்ட்டர் ஆகணும்னா காலேஜ்ல இதழியல் எடுக்கணுமா, பொருளாதாரமா மாமா?"

மாமா பத்திரிகை நிருபர். "முதல்ல உனக்குக் கேள்வி கேட்க வருதான்னு பார்ப்போம். உங்கப்பாவைப் பேட்டி எடுத்து அனுப்பு" என்றார்.

அப்பா பாலம் கட்டும் இன்ஜினீயர். மகளாயிற்றே என்று மனம்விட்டுப் பேசினார். புதுப் பாலத்தில் விரிசலைப் பார்த்தும், மேலதிகாரிக்குப் பயந்து பாலம் சரியாக இருப்பதாகக் கையெழுத்துப் போட்டதைக்கூட மறைக்கவில்லை.

அவள் எழுதி அனுப்பிய பேட்டி, மறுநாள் பேப்பரின் முதல் பக்கத்தில், மாமாவின் பெயரில் வந்திருந்தது.

பதறிப்போய் போன் செய்தாள். "பயிற்சிக்குன்னுதானே மாமா கேட்டீங்க?"

"எந்தப் பாடம் வேணா எடும்மா. உனக்குக் கேட்க வருது."

அப்பா பேப்பரிலிருந்து நிமிரவில்லை.

"உன் மாமன் ரொம்ப நாளா இதைத்தான் என்கிட்ட கேட்டுட்டிருந்தான். நான் வாயே திறக்கலை. நீ கேட்டே, சொல்லிட்டேன்."