போகிறவள் தோட்டா

“‘முந்நூறு கஜம், முந்நூறு கஜம்’னு எத்தனை தடவைதான் புலம்புவ? மான் என் மூக்குக்கு நேரா நிக்குது!” துப்பாக்கிமேல் உட்கார்ந்திருந்த தொலைநோக்கி எரிந்து விழுந்தது.

“உனக்கென்ன, எதிர்மலையையே மடியில உட்கார வச்சுக்குவ. இருநூறு தாண்டினா குண்டு தாழ்ந்துடும்,” என்றது துப்பாக்கி.

உள்ளே இருந்த தோட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவர்கள் இருவரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள். பள்ளத்தாக்கைத் தாண்டிப் போகவேண்டியவள் அவள். குறி தப்பினால் பாறையில் நசுங்குவதும் அவள்தான். ‘தோட்டா சரியில்லை’ என்ற பேச்சும் அவளுக்குத்தான்.

வேடனின் விரல் விசையைத் தொட்டது. சண்டை ஓயவில்லை.

“பெரிய மனுஷங்களே, எனக்குத் திரும்பி வர வழி கிடையாது. இன்னும் நூறு கஜம் கிட்டப் போகச்சொல்லி அந்த ஆள்கிட்ட யாராவது சொல்லுங்களேன்!”